மூக்கு தூக்கிய பிக்கப்

காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு ஓய்வு என்று ஒன்று உண்டென்றால் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான். மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் வலை பின்னுகிறவர் வலை பின்னுவார், எஞ்சின் பிரிக்கிறவர் எஞ்சின் பிரிப்பார், என் மச்சான் தன்னுடைய பழைய பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்து குறை கண்டுபிடிப்பான். இந்தத் தடவை கண்டுபிடித்தது, வண்டி முன்னால் தாழ்ந்திருக்கிறது என்பது.

அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஐஸ் பெட்டி பாரம் தாங்கட்டும் என்று பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூடுதலாக ஏற்றி வைத்திருக்கிறான். பின்னால் எகிறி, முன்னால் தொங்கி, காலியாக நிற்கும்போது கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வேகத்தடை உண்டு. யார் போட்டது என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக முளைத்தது. அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் பம்பர் தேயும் சத்தத்தில் தெருவே பல்லைக் கடிக்கும்.

"மாமா, முன்னாடி ஒரு மூணு இன்ச்சு தூக்கிடலாம்னு இருக்கேன். எலெக்சன் வண்டி மாதிரி கெத்தா இருக்கும்" என்றான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் பாயிடம் போனோம். அவர் வண்டிக்கடியில் படுத்து, டார்ச் அடித்து, வெகுநேரம் கழித்து வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை, "இன்னா நாத்தம்!"

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, பட்டையும் கிடையாது. டார்ஷன் பார். சேஸிஸ் ஓரமாக நீளவாக்கில் பக்கத்துக்கு ஒரு ஸ்டீல் கம்பி. ஒரு முனை சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மில், மறுமுனை குறுக்குச் சட்டத்தில் 'கீ' என்கிற ஒரு பிடியில். சக்கரம் மேலே எழும்பினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், உடனே முறுக்கு பிரியப் பார்க்கும். அதுதான் ஸ்பிரிங் வேலை. கீயைத் தாங்குகிற போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். புது சாமான் ஒன்றும் வாங்க வேண்டாம் என்றதும் மச்சான் முகம் மலர்ந்தது.

அந்நேரம் பார்த்து டீக்கடையிலிருந்து ஆவடி பெரியப்பா வந்து சேர்ந்தார். கனரக ஊர்தித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தெருவில் சைக்கிள் பஞ்சரானால்கூட பீரங்கி வண்டியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். "டி-72 டாங்கியிலயும் இதே டார்ஷன் பார்தான் தெரியுமா? நாப்பது டன்னுக்கு மேல எடை. நாங்க பாக்காத கம்பியா?" என்றார். தகவல் சரிதான். ஆனால் பாய் கேட்டது ஒரே கேள்வி: "அதுல மீன் ஏத்துவாங்களா பெரியவரே?"

கேள்வியில் காரணம் இருந்தது. போல்ட் இருந்த இடத்தில் செதில் செதிலாகத் துருதான் இருந்தது. வண்டி முன்னால் சாய்ந்திருந்ததால் பெட்டியில் உருகுகிற ஐஸ் தண்ணீர், மீன் ரத்தமும் உப்பும் சேர்ந்து கேபின் பக்கமாக ஓடி, பலகை இடுக்கு வழியே சொட்டி, நேராக அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. சாய்ந்த பாவத்துக்குத் துரு, துருப்பிடித்ததால் நிமிர்த்த முடியாத நிலை. டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டார் பாய். மறுநாள் ஸ்பேனருக்குப் பின்னால் நீளமான பைப் செருகி இரண்டு பையன்கள் தொங்கினார்கள். அப்பவும் போல்ட் அசையவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, கம்பியின் முறுக்கைக் குறைத்த பிறகுதான், 'ணங்' என்று ஒரு சத்தத்தோடு மனசு இறங்கியது. பாரத்தோடு இருக்கும்போது திருகினால் போல்ட் மரை போய்விடுமாம். எவ்வளவு திருகினோம் என்று தெரிய சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்.

இனி அளக்க வேண்டும். என் மனைவியின் தையல் டேப்பை மச்சான் கேட்காமல் எடுத்து வந்திருந்தான். தரையிலிருந்து அளந்தால் இடது பக்கம் தாழ்வு. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் வலது பக்கம் தாழ்வு. கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் பம்பர் மேல் ஏறி உட்கார்ந்து எடை பார்த்தார். ஆவடி பெரியப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்த்தார். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரோடே கால்வாய் பக்கம் சாஞ்சிருக்கு, டயர்லயும் காத்து ஒண்ணுபோல இல்ல. சக்கரத்து நடுவுலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளங்கடா" என்றார். அளந்தால் இரண்டு பக்கமும் அரை விரல்கூட வித்தியாசம் இல்லை. இரண்டு கட்சியும் டீக்கடைக்குக் கலைந்தன.

மூன்று இன்ச் கேட்ட மச்சானுக்கு ஒன்றரைதான் கிடைத்தது. "கம்பி கெட்டியாவாது தம்பி, உயரம் மட்டுந்தான் ஏறும். ரொம்ப ஏத்துனா சக்கரம் கீழ எறங்க எடம் இருக்காது. பள்ளம் வந்தா டக்குனு இடிக்கும், சக்கரத்தப் புடிச்சிருக்கற பால் ஜாயின்ட் சீக்கிரம் போவும்" என்றார் பாய். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு சுற்று ஓட்டி வந்து மறுபடி அளந்தால் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதானாம், இன்னும் கொஞ்சம் திருகினார். உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும், அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும் என்றதும் மச்சான் முகம் சுருங்கியது. "நேராத்தானே போவுது?" என்றான். "டயர் ஒரு ஓரமா தேயறப்ப தெரியும்" என்றார் பாய். பார்த்தான்.

டேப் வீடு திரும்பியது. முதல் பத்து இன்ச்சில் எண்ணே தெரியாத அளவுக்கு கிரீஸ். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கு தைரியம் இல்லை.

தடைக்காலம் முடிந்து விடியற்காலை இரண்டு மணிக்கு மச்சான் வண்டியை எடுத்தான். மூக்கோடு ஹெட்லைட்டும் தூக்கியிருப்பதை யாரும் யோசிக்கவில்லை. வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு எதிர்வீட்டு முதல் மாடி ஜன்னலுக்குள் போனது. அந்த வீட்டு ஆயா எழுந்து, விடிந்துவிட்டது என்று வாசல் தெளித்துக் கோலமே போட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் அவர் மச்சானைப் பேசியது எழுதக் கூடியது அல்ல. அன்றைக்கே பாய் லைட்டின் பின்னால் இருக்கிற திருகைத் திருப்பி வெளிச்சத்தை இறக்கினார்.

அதோடு போயிற்றா? முன்னால் ஓடின தண்ணீர் இப்போது பின்னால் ஓடியது. டோல்கேட் சிக்னலில் பச்சை விழுந்து வண்டி கிளம்பியதும், பெட்டியில் தேங்கியிருந்த அவ்வளவும் பின்கதவு இடுக்கு வழியே ஒரே பாய்ச்சலாக, பின்னால் பைக்கில் நின்றவர் மேல் கொட்டியது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஆபீஸ் கார்டு. துரத்தி வந்து மடக்கினார்.

"சார், வஞ்சிரம் வெச்ச ஐஸ் சார், ஃபிரெஷ்ஷு" என்றான் மச்சான். சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

ஆவடி பெரியப்பா களத்தில் இறங்கினார். பின்பலகை மூலையில் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் குழாய் செருகி, தண்ணீர் இடதுபக்கமாக ரோட்டோரம் இறங்குகிற மாதிரி வளைத்துக் கொடுத்தார். நன்றாகவே வேலை செய்கிறது. என்ன, வண்டி நிற்கிற இடத்தில் இடதுபக்கம் டீக்கடை. வண்டி தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டதுமே டீக்கடைக்காரர் வடையை மூடிவிட்டு, உட்கார்ந்திருக்கிறவர்களை எழுப்பி, பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.