கிணற்று உறையில் விறகு வெந்நீர்த் தொட்டி: ஊட்டிக் குளிரில் செய்து பார்த்த குறிப்புகள்

குளிர்காலத்தில் நீர்ப்பனியும் உறைபனியும் இறங்கும் ஊட்டியில், இரண்டு பேர் மார்பளவு நீரில் உட்காரும்படியான தொட்டி. சூடாக்க விறகு மட்டும். மின்சாரமும் பம்பும் கிடையாது. இந்த மூன்று நிபந்தனையோடு தொடங்கிய வேலையின் குறிப்புகள் இவை. சூடாக்கும் பகுதியை ஒருமுறை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அதற்கான காரணம் தெரிந்தால் இதே வேலையில் இறங்குபவருக்கு இரண்டு மாதம் மிச்சமாகும்.

தொட்டி

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் சூட்டில் சுவர் இளகிப் பிதுங்கும், குழாய் நுழையும் இடம் முதலில் கசியும். மரத்தொட்டி அழகாக இருக்கும், அதற்கு ஏற்ற தச்சர் அமைய வேண்டும். எங்கும் கிடைப்பது கிணற்று உறை. உள்விட்டம் 5 அடி (1.5 மீட்டர்), உயரம் 1 அடி, சுவர்க்கனம் 2 அங்குலம் உள்ள உறைகள் மூன்று போதும்.

அடித்தளம்: மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 10 செ.மீ. ஜல்லி, அதன்மேல் 5 செ.மீ. தெர்மோகோல், பாலிதீன் விரிப்பு, அதன்மேல் 10 செ.மீ. கான்கிரீட். பொட்டலம் கட்டுகிற தெர்மோகோல் நசுங்கிவிடும். கனமீட்டருக்கு 20 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி கேட்டு வாங்க வேண்டும். கான்கிரீட் வட்டம் 1.8 மீட்டர் விட்டம், கலவை 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி), 8 மி.மீ. கம்பி இரு திசையிலும் 15 செ.மீ. இடைவெளியில். சிமெண்ட் 2 மூட்டை பிடிக்கும். வடிகால் பக்கம் 2 செ.மீ. சரிவு.

கசிவு எங்கே வரும் என்று கேட்டால் கொத்தனார் உறைக்கும் உறைக்கும் நடுவில் உள்ள மூட்டைக் காட்டுவார். உண்மையில் கசிவது அடி உறையும் தளமும் சேரும் இடம். அதனால் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே முதல் உறையை 3 செ.மீ. அமுக்கி உட்கார வைத்து, ரசமட்டம் பார்த்தாகிவிட வேண்டும். உள்மூலையில் 5 செ.மீ. அகலத்துக்கு வளைவாகப் பூச வேண்டும். செங்குத்தான மூலை சூட்டில் விரிந்து சுருங்கும்போது மயிரிழை வெடிப்பு விடும். உள்பூச்சு 12 மி.மீ., 1:3 கலவையில் நீர்த்தடுப்புக் கூட்டுப்பொருள் சேர்த்து. 14 நாள் நீராற்றல், அதாவது பூச்சு காயாமல் நனைத்து வைப்பது. அதற்குப் பிறகு இரு பாகமாகக் கலக்கும் சிமெண்ட்-பாலிமர் பூச்சு, இரண்டு கை.

உட்கார, சுவரின் பாதி வட்டத்தை ஒட்டி 35 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் செங்கல் திண்ணை. மரப்பலகை போட்டால் மிதக்கும், கட்டி வைத்தாலும் அடியில் பாசி பிடிக்கும். திண்ணை 125 லிட்டர் நீரின் இடத்தை அடைத்துக்கொள்வது கூடுதல் லாபம். 65 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 1000 லிட்டர். இருவர் இறங்கினால் மட்டம் 7 செ.மீ. ஏறும். மேலே மீதி இருக்கும் 13 செ.மீ. சுவர் நீர் வெளியே தளும்பாமல் காக்கப் போதுமானது.

சோதனை நிரப்பல் மூன்று நாள். பக்கத்தில் ஒரு வாளியிலும் நீர் வைத்து இரண்டின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாளியில் 6 மி.மீ. இறங்கி தொட்டியிலும் 6 மி.மீ. இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. தொட்டியில் 15 மி.மீ. என்றால் கசிவு. இந்த முதல் நீரையும் அடுத்த நீரையும் கொட்டிவிட வேண்டும். புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு கரைந்து தோலை எரிக்கும்.

முதல் அடுப்பு: செம்புச் சுருள்

ஏ.சி. வேலைக்கு விற்கும் முக்கால் அங்குலச் செம்புக் குழாய், 15 மீட்டர். காய்ந்த மணலை நிரப்பி இரு முனையையும் அடைத்து, 30 செ.மீ. விட்டமுள்ள குழாயின்மேல் சுற்றினால் நசுங்காமல் சுருளாகும். அதை ஒரு இரும்பு டிரம்முக்குள் வைத்து, கீழ்முனையைத் தொட்டியின் அடியோடும் மேல்முனையைத் தொட்டியின் மேற்பகுதியோடும் இணைத்தாயிற்று. சூடான நீர் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழிருந்து வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். பம்பு வேண்டாம். படத்தில் பார்த்தால் எல்லாம் சரி.

பற்றவைத்த இருபதாவது நிமிடம் சுருள் 'டப்... டப்' என்று அடிக்கத் தொடங்கியது. மேல்குழாயில் சில நொடிக்கு ஒருமுறை கொதிநீரும் ஆவியும் பீறிட்டன, நடுவே ஓட்டமே இல்லை. மூன்று மணி நேரம் எரித்தும் தொட்டி நீர் 14 டிகிரியிலிருந்து 23க்குத்தான் வந்தது. விறகை அதிகமாக்கினால் சத்தம்தான் அதிகமானது.

கணக்கு போட்டால் காரணம் தெளிவு. 40 டிகிரியில் ஒரு லிட்டர் நீரின் எடை 992 கிராம், 60 டிகிரியில் 983 கிராம். வித்தியாசம் 9 கிராம். சூடான நீர் நிற்கும் உயரம் அரை மீட்டர் என்றால், நீரைத் தள்ளும் மொத்த விசை நாலரை மில்லிமீட்டர் நீர்மட்ட உயரத்துக்குச் சமம். அவ்வளவுதான் இருக்கிறது. அடுப்பின் 10 கிலோவாட் வெப்பத்தை 20 டிகிரி ஏற்றத்தில் தொட்டிக்குக் கொண்டுபோக நிமிடத்துக்கு 7 லிட்டர் ஓட வேண்டும். முக்கால் அங்குலக் குழாயில் 15 மீட்டர் தூரத்துக்கு அந்த ஓட்டம் வேண்டுமென்றால் உராய்வே சுமார் 20 செ.மீ. நீருயரத்தைக் கேட்கும். கையில் இருப்பதைப்போல நாற்பது மடங்குக்கு மேல். ஆகவே நீர் சுருளிலேயே தங்கிக் கொதிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் இந்தத் தொல்லை சமவெளியைவிடச் சீக்கிரம் வருகிறது.

சிறிய பம்பு ஒன்றை மாட்டினால் சுருளும் வேலை செய்யும். ஆனால் மின்சாரம் போனால் தணலை யாரும் சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது. சுருள் வறண்டு, பற்றுவைத்த மூட்டுகள் உருகும். மலையில் மழைக்கும் காற்றுக்கும் மின்சாரம் போவது வழக்கம் என்பதால் அந்த வழி வேண்டாம் என்று முடிவானது.

தொட்டிக்கு அடியிலேயே தீ மூட்டினால் என்ன என்ற கேள்வியும் வந்தது. ஜப்பானில் கோயெமொன்புரோ என்று அப்படி ஒரு குளியல் உண்டு: இரும்பு அண்டாவுக்கு நேர் கீழே அடுப்பு, கால் சுடாமலிருக்க மரப்பலகையை மிதித்து அழுத்தி உட்காருவார்கள். 1594இல் கொதிக்கும் அண்டாவில் கொல்லப்பட்ட இஷிகவா கோயெமொன் என்ற திருடனின் பெயரால் வந்த பெயர். இரும்புக்கு அது தாங்கும், உறைக்குத் தாங்காது. ஒருபக்கச் சூட்டில் தளம் பிளந்துவிடும்.

இரண்டாவது அடுப்பு: இரட்டைச் சுவர்

வீட்டில் இருக்கும் செம்பு வெந்நீர் பாய்லரில் தீ நடுவில், நீர் சுற்றிலும். அதே வடிவம்தான் விடை. 2 மி.மீ. கனமுள்ள 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் இரண்டு உருளைகள்: உள்விட்டம் 30 செ.மீ., வெளிவிட்டம் 38 செ.மீ., உயரம் 60 செ.மீ. நடுவில் உள்ள 4 செ.மீ. இடைவெளியில் 25 லிட்டர் நீர் நிற்கும், இந்த நீர்ச்சுவர்தான் ஜாக்கெட். பட்டறையில் ஆர்கான் வெல்டிங் கேட்டுச் செய்ய வேண்டும். சாதாரணக் கம்பி வெல்டிங் வைத்தால் பற்றின் ஓரம் சில மாதத்தில் துருவேறும். எடுத்து வருமுன் மேல்வாயில் 2 மீட்டர் நீளக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி நீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் மட்டம் இறங்காமல் இருந்தால் பற்று நன்று.

குழாய்கள் ஒன்றரை அங்குலம், போக வர மொத்தம் 3 மீட்டருக்கு மேல் போகாமல். இந்த அளவில் 7 லிட்டர் ஓட்டத்துக்கு உராய்வும் வளைவும் சேர்ந்து மூன்று, மூன்றரை மில்லிமீட்டர்தான் கேட்கும். கையில் நாலரை இருக்கிறது. ஓடும். ஒன்றேகால் அங்குலத்தில் ஆசைப்பட வேண்டாம், முழங்கை வளைவுகளை நான்குக்கு மேல் போடவும் வேண்டாம்.

இடம்: அடுப்பின் அடி, தொட்டித் தளத்துக்கு 30 செ.மீ. கீழே. மலைச்சரிவில் இது வசதி. தொட்டி மேல்படிக்கட்டு நிலத்தில், அடுப்பு கீழ்ப்படியில். சமதரையில் தொட்டியைத்தான் உயர்த்த வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஓட்டம் மந்தமாகும், இரவில் அணைந்த அடுப்பு குளிர்ந்து ஓட்டம் தலைகீழாகி தொட்டிச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

மேல்குழாய் ஜாக்கெட்டின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்து புறப்பட்டு, தொட்டி வரை ஏறிக்கொண்டே போக வேண்டும், மீட்டருக்கு 4 செ.மீ.யாவது. நடுவில் ஒரு விரல் அளவு தாழ்ந்து எழுந்தாலும் அங்கே காற்று குமிழாக நின்று ஓட்டத்தை அடைத்துவிடும். கீழ்க்குழாய்த் துளை தொட்டித் தளத்துக்கு 7 செ.மீ. மேலே. மேல்துளை நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே.

இரு குழாயிலும் வால்வு கூடாது. கழற்ற யூனியன் (திருகிப் பிரிக்கும் இணைப்பு) போதும். யாராவது ஒரு நாள் மூடிய வால்வுகளோடு தீ மூட்டினால் அந்த 25 லிட்டர் ஜாக்கெட் வெடிகுண்டாகிவிடும். மேல்துளை நீருக்குள் மூழ்கிய பிறகே தீக்குச்சி. தணல் இருக்கும்போது தொட்டியை வடிக்கவும் கூடாது.

சுவரில் குழாய் நுழையும் இடத்தில் முதலில் கசிந்தது மேல்துளை. சூடேறும் குழாய் நீண்டு பூச்சை உடைத்தது. இரண்டரை அங்குலக் குழாய்த்துண்டு ஒன்றைச் சுவரில் பதித்து, அதற்குள் ஒன்றரை அங்குலக் குழாயை விட்டு, இடைவெளியைச் சூடு தாங்கும் சிலிகான் பசையால் அடைத்த பிறகு நின்றது. தொட்டிக்கு முந்தைய 20 செ.மீ. தூரத்தைச் சிலிகான் ஹோஸாக மாற்றியதும் உதவியது. மேல்குழாயின் முதல் மீட்டரில் பிளாஸ்டிக் குழாய் எதுவும் வேண்டாம், ஆவி வந்தால் தொய்ந்துவிடும்.

புகைக்குழாய் 6 அங்குலம், உயரம் இரண்டரை மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். 4 அங்குலக் குழாய் போட்டபோது அடுப்பு வாயிலேயே புகை திரும்பியது.

இரண்டாவது அடுப்பின் முதல் எரிப்பு

அடுப்பு வாயின் கீழ் கறுப்பு நீர் சொட்டியது. பற்று விட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். 14 டிகிரிச் சுவரில் புகையின் ஈரம் வியர்த்து வடிகிறது, அரை மணியில் நின்றுவிடும். ஆனால் சுற்றிலும் நீர்ச்சுவர் என்பதால் தீயும் குளிர்ந்து புகைந்தது, சுவரில் தார் ஒட்டியது. விறகு நிற்கும் கம்பித்தட்டுக்கு மேல் 15 செ.மீ. உயரத்துக்குச் சூளைச் செங்கல் அடுக்கியதும் தீ வெளுத்தது. வெப்பம் வாங்கும் பரப்பு கொஞ்சம் குறைந்தாலும் முழுதாக எரிவதால் வேகம் கூடியது.

விறகு காய்ந்திருப்பதில் சமரசம் வேண்டாம். சீகை மரம் (வாட்டில்) பிளந்து ஆறு மாதம் கூரைக்கடியில் காய்ந்தது நன்றாக நின்று எரியும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சட்டென்று பிடிக்கும், தொடக்கத்துக்கு நல்லது. பச்சை விறகில் பாதி எடை நீர். அதன் சூட்டில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும்.

தேவை இவ்வளவு: நீர் 1000 லிட்டர். கான்கிரீட்டும் திண்ணையும் 1.3 டன், அதன் வெப்ப ஏற்பு நீரில் ஐந்தில் ஒன்று, அதாவது 270 லிட்டர் நீருக்குச் சமம். 14இலிருந்து 39க்கு ஏற்ற சுமார் 32,000 கிலோகலோரி. காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே நீருக்குப் போகும். ஆக 20 கிலோ, இழப்புக்குச் சேர்த்து 23 கிலோ. ஓடிய விதம்: முதல் மணி முடிவில் 19, இரண்டாவதில் 26, மூன்றாவதில் 33, நான்காவதில் 39.

இந்த எண்கள் கலக்கிய பிறகு எடுத்தவை. கலக்காமல் அளந்தால் மேற்பரப்பு 40 காட்டும்போது அடி 31இல் இருக்கும். துடுப்புப் பலகையால் அரை மணிக்கொருமுறை அடியிலிருந்து கிளற வேண்டும், மேல்குழாய் வாயருகே கை வைக்கவே கூடாது. 37 வந்ததும் விறகு போடுவதை நிறுத்துங்கள். தணலும் ஜாக்கெட்டும் இன்னும் 2 டிகிரி ஏற்றும். 40ஐத் தாண்டினால் குளிர்நீர் விடாமல் யாரும் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள், இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குழந்தைகளுக்கு இந்தச் சூடு அதிகம். மது அருந்தியவரைச் சேர்க்காதீர்கள்.

மூடி இல்லாமல் முதல் இரண்டு எரிப்பு செய்ததில் மணிக்கு ஒன்றரை டிகிரி ஆவியிலேயே போனது. 5 செ.மீ. தெர்மோகோலைப் பாலிதீனில் சுற்றி, மேலே மெல்லிய பலகை வைத்த மூடி, சுவரைச் சுற்றியும் அதே தெர்மோகோல், வெளியே கம்பிவலைப் பூச்சு. இப்போது இரவு முழுக்க 3 டிகிரிதான் இறங்குகிறது. மறுநாள் 4 கிலோ விறகில் மறுபடி 39.

நீர்: வடிகட்டி இல்லாததால் 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 10 கிராமைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். 1000 லிட்டர் நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரின் ஆகும். இளஞ்சூட்டு நீரைக் கிடப்பில் போட்டால் கிருமி பெருகும். மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை. வடித்ததும் ஜாக்கெட்டின் அடித்திருகைத் திறந்து அதையும் காலி செய்ய வேண்டும், குளோரின் நீர் தேங்கினால் 304 எஃகிலும் ஊசிப்புள்ளித் துளை விழும். வடிநீரை ஒருநாள் திறந்த குழியில் விட்டு, பிறகு தோட்டத்துக்குத் திருப்பலாம்.

மிச்சமிருக்கும் வேலை, புகைக்குழாயில் ஒரு தட்டு வால்வு. இரவில் அதை மூடினால் அடுப்பு வழியே ஏறும் குளிர்காற்று நிற்கும். தணல் முழுதும் அணைந்த பிறகே மூட வேண்டும் என்பதால் கைப்பிடியைச் சாம்பல் கதவுக்குப் பக்கத்திலேயே, கதவைத் திறந்து பார்க்காமல் தொட முடியாதபடி வைக்கத் திட்டம்.