கடைசி அழைப்பிதழ்

ஜூன் 7
என் குருப்பட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம். அழைப்பிதழ்களில் மிச்சம் இருப்பது என் தோழியுடையது மட்டும். பெண்கள் குருவாகி, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை நடத்துவதை அவள் ஏற்பதில்லை. அவளும் பெண்தான். இதைச் சொன்னால் எல்லோரும் விழிக்கிறார்கள். தபாலில் போட்டுவிட்டேன்.

ஜூன் 11
பதில் இல்லை. பழையதெல்லாம் கிளம்புகிறது. 2012 நவம்பரில் இங்கிலாந்து திருச்சபையின் சட்டமன்றம் போன்ற பொதுச் சினாடில் பெண் பிஷப்புகளுக்கான சட்டம் ஆறு ஓட்டில் தோற்றது. பிஷப்புகள் அவையிலும் குருமார் அவையிலும் தேறிவிட்டது. விழுந்தது எங்களைப் போன்ற சபையாரின் அவையில். நான் அழுதேன். அவள் ‘ஜெபம் கேட்கப்பட்டது’ என்றாள். இரண்டு வருடத்துக்கு மேல் பேச்சில்லை. 2015 ஜனவரி 26 அன்று யார்க் பேராலயத்தில் லிபி லேன் எங்கள் திருச்சபையின் முதல் பெண் பிஷப் ஆனார். இரவு அவளிடமிருந்து ஒரு வரி: ‘செய்தி பார்த்தேன். நீ சந்தோஷமாக இருப்பாய்.’ வாழ்த்தவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

ஜூன் 15
நேரில் வந்துவிட்டாள்! பட்டம் பெறுகிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய ஐந்து கோட்பாடுகள் மேசையில் கிடந்தன. குரு, பிஷப் முதலான எல்லாத் திருநிலைகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகத் திறந்தவை என்பது முதலாவது. இதை ஏற்க முடியாதவர்களும் எங்கள் திருச்சபை சேர்ந்த ஆங்கிலிக்கன் மரபுக்குள்தான் இருக்கிறார்கள், அவர்களும் தழைக்க வேண்டும் என்பது நான்காவது. எப்போதும் எனக்கு முதலாவது, அவளுக்கு நான்காவது. இன்று மாற்றி வாசித்தோம். இரண்டு முறை செருமினாள்.

அப்புறம் சண்டை. ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஓய் பேச்சு வந்தது. ஆங்கிலிக்கன் மரபின் முதல் பெண் குரு; போர்க்காலத்தில் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்குக் குருமார் போக முடியாததால் 1944-இல் பட்டம் பெற்றவர். “எதிர்ப்பு வந்ததும் 1946-இல் ஒதுங்கிக்கொண்டாரே, அந்தத் தாழ்மை உனக்கு எங்கே?” என்றாள். அவர் விட்டது குருவாகப் பணிசெய்யும் உரிமத்தை, குருத்துவத்தை இல்லை என்றேன், சத்தமாகத்தான். விட்டுக்கொடுத்த பெண்களையே உதாரணம் காட்டினால் எனக்கு எரிச்சல் வரும். போகும்போது மன்னிப்புக் கேட்டாள். கருத்துக்கு இல்லை, கேட்ட விதத்துக்கு.

ஜூன் 29
பட்டம் ஆயிற்று. பின்வரிசையில் இருந்தாள். இன்றைக்கு இவ்வளவு போதும், கை நடுங்குகிறது.

ஜூலை 6
நான் நடத்திய முதல் திருவிருந்து. எல்லோரும் எழுந்து வந்தார்கள். அவள் இருக்கையிலேயே முழங்காலிட்டிருந்தாள். வலிக்காது என்று நினைத்திருந்தேன். வலித்தது.

வாசலில் எனக்காக நின்றாள். “பாவ அறிக்கைக்கு முன்னால் ஒரு வரியை விட்டுவிட்டாய்” என்றாள். விட்டிருந்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை.