டிரைவர் இல்லாத காருக்கு யார் பொறுப்பு?

கொழிஞ்சாம்பாறையில பக்கத்து வீட்டு அண்ணன் டெம்போ வெச்சிருக்கார். நேத்து அவர் போனுக்கு கேமரா அபராதம் வந்துச்சு. போட்டோவுல டிரைவர் தம்பியோட கட்டம் போட்ட சட்டை பளிச்சுன்னு தெரியுது, சீட் பெல்ட்தான் இல்ல. ஓட்டினது யாருன்னு அண்ணன் சொல்லிட முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 133ஆவது பிரிவு அதைத்தான் கேக்குது.

ஸ்டியரிங்ல ஆளே இல்லேன்னா?

2025 செப்டம்பர்ல கலிஃபோர்னியா சான் புரூனோவுல, போலீஸ் கண்ணு முன்னாடியே டிரைவர் இல்லாம தானா ஓடுற வேமோ கம்பெனி கார் ஒண்ணு தப்பா யூ டர்ன் போட்டுச்சு. நிறுத்தினாங்க. டிக்கெட் எழுத ஆள் இல்ல, விட்டுட்டாங்க. 2026 ஜூலையிலிருந்து நோட்டீஸ் கம்பெனிக்கே போகும்னு அங்கே சட்டம் போட்டிருக்காங்க. நல்ல விஷயம். ஆனா நோட்டீஸ் மட்டும் போதாதுங்க.

2018ல அரிசோனா டெம்பியில ஊபர் கம்பெனி தானா ஓடவிட்டுச் சோதிச்ச வோல்வோ கார் மோதி, ரோட்டைக் கடந்த ஒரு பெண் இறந்துபோனாங்க. கண்காணிக்க உள்ளே இருந்த டிரைவர் போன் பாத்துட்டிருந்தது தப்புதான். ஆனா வோல்வோவோட சொந்த அவசர பிரேக் வசதியை அணைச்சு வெச்சது ஊபர் கம்பெனி. தண்டனை டிரைவருக்கு, கம்பெனி மேல கிரிமினல் வழக்கே இல்ல. இது அநியாயம்.

வாளையார் ரோட்டுல அப்படி ஒரு வண்டி ஓடுறதுக்கு முன்னாடியே, கம்பெனியைத்தான் டிரைவரா நம்ம சட்டத்துல எழுதி வெக்கணும்.