கழறமாட்டன் எண்ட கூலரும் ரொட்டி மாவும்

கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. படம் பிடிப்பது வேறு ஆட்கள். வெட்டி ஒட்டி, நிறம் திருத்தி, பாட்டுப் போட்டு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பும் வேலை என்னுடையது. உரும்பிராயில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்ரூடியோ. அங்கே இருக்கும் கொம்பியூட்டரில், மச்சான் கனடாவிலிருந்து வரும்போது சாறிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்த ஜிரிஎக்ஸ் 1060, ஆறு ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட். படம் சம்பந்தமான பாரமான வேலையை இழுக்கிறது அதுதான். 2016இல் வந்த சிப். கிழவன்தான், ஆனால் என் வேலைக்குக் காணும்.

போன ஆடியில் சோளகம் பிடித்து அடித்தது. எங்கள் பக்கம் செம்பாட்டு மண். யன்னலைப் பூட்டினாலும் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். அந்த நேரம் பார்த்து ஒரு சாமத்திய வீட்டு வீடியோ ரெண்டராகிக் கொண்டிருந்தது, அதாவது வெட்டி ஒட்டியதைக் கொம்பியூட்டர் ஒரே வீடியோவாக ஆக்கிக் கொண்டிருந்தது. கார்ட் 86 பாகையில் நின்று தண்ணீர் இறைக்கும் மெசின் மாதிரிச் சத்தம் போட்டது. இந்தத் தலைமுறைச் சிப்புகள் 83ஐத் தொட்டதும் தாங்களாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். மூன்று மணித்தியால வேலை ஐந்தானது அதனால்தான். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தேன். சிப்பின் சூட்டை ஆற்றும் கூலரின் தகடுகளுக்கு இடையில் சிவப்புக் கம்பளி நெய்தது போல் புழுதி. வெளியிலிருந்து ஊதிப் போகிற அளவில் இல்லை.

கழற்றுவது என்று முடிவெடுத்தேன். ஆணி ஒன்றின் தலையில் வொரன்ரி ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. மச்சானுக்கு முன் அதை யார் வைத்திருந்தார்களோ, அதன் வொரன்ரி எப்போதோ செத்துவிட்டது. இருந்தாலும் அதைக் கிழிக்கும்போது ஒரு கணம் கை நின்றது உண்மை.

ஆணிகள் மிகச் சிறியவை. வீட்டில் இருந்த திருப்புளி எல்லாம் சைக்கிளுக்கும் பிளக்குக்கும் ஆனவை. அளவு சரியில்லாத திருப்புளியால் திருகினால் ஆணித் தலை வழுகிப் பூவாகிவிடும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. டவுனில் மணிக்கூடு திருத்தும் ஒருவரிடம் கேட்டு ஒரு சின்ன ஸ்ரார் திருப்புளி வாங்கினேன். கழற்றிய ஆணிகளை, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கார்ட்டின் படத்தைக் கீறி, அந்தந்த இடத்திலேயே செலோரேப்பால் ஒட்டினேன். பேணியில் போட்டுக் குலுக்கிவிட்டுப் பிறகு அழுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நாலு ஆணி இருக்கும். மற்றதெல்லாம் சில்லறை, இந்த நாலும்தான் முக்கியம். கொம்பியூட்டர் புரொசெசருக்கு மேலே உலோகத் தொப்பி உண்டு. கிராஃபிக்ஸ் சிப்புக்கு அது கிடையாது, மொட்டைச் சிலிக்கன். ஒரு மூலையை முழுதாகக் கழற்றிவிட்டு மற்ற மூலைக்குப் போனால் அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பு உடையலாம். ஆகவே எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்றுச் சுற்றாகத் தளர்த்தினேன். நாலும் கழன்றன. கூலர் அசையவில்லை.

இழுத்தேன். அசையவில்லை. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் பூசியிருக்கும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து சீமெந்தாகியிருந்தது. திருப்புளியை இடையில் விட்டு நெம்பலாமா என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் துரத்தினேன். சிப்பைச் சுற்றி அரிசிக் குறுணியை விடச் சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று பறந்தால் கார்ட்டைச் சாமி அறையில்தான் வைக்கவேண்டும்.

அப்பா வந்து பார்த்தார். தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆள் அவர்.

"தம்பி, கறள் பிடிச்ச கொட்டர் பின்னை என்னெண்டு கழட்டுறனாங்கள்? காய்ச்சித்தானே."

"ஓம் அப்பா, அதுக்குத்தான் முதல்லயே பத்து நிமிசம் கேம் ஓட விட்டுச் சூடாக்கினனான்."

"பிறகு ஆணியளைப் படம் கீறி ஒட்டுறதுக்கு முக்கால் மணித்தியாலம். அது ஆறாமல் என்ன செய்யும்?"

சரிதான். தங்கச்சியின் தலைமயிர் காய வைக்கும் மெசினை எடுத்து, கார்ட்டின் பின்பக்கத்தை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கினேன். பிறகு மேலே இழுக்காமல், போத்தல் மூடி திறப்பது போல இடமும் வலமும் மெதுவாக முறுக்க, 'டக்' என்று விட்டது. அந்தச் சந்தோசத்தில் தூக்கப் போனால், ஃபான் வயர் இன்னும் பலகையில் மாட்டிக் கிடக்கிறது! நல்லவேளை, அப்பா என் கையைப் பிடித்தார். முதலில் அந்தச் சின்னப் பிளக்கை நகத்தால் ஆட்டிக் கழற்ற வேண்டும். கழற்றும் வழி எழுதுகிறவர்கள் இதை ஏன்தான் கடைசி வரியில் எழுதுகிறார்களோ.

துடைப்பதற்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல் கேட்டு வாங்குங்கள். காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட் சிலதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அது சிப்பில் படலம் விட்டுவிடும். கூலரிலிருந்து ஃபான்களைப் பிரித்துவிட்டு, தகடுகளைக் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். ஓடிய தண்ணீர் மழைக்கால வாய்க்கால் போல் சிவப்பு. எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல் கிணறு, கேத்தலில் வெள்ளை படியும். அதனால் கடைசியில் ஒரு போத்தல் பற்றரித் தண்ணீர் (பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர், அசிட் இல்லை) ஊற்றி அலசி, ஒரு பகல் முழுக்க வெய்யிலில் காயவிட்டேன்.

இதுவரைக்கும் வெற்றி. பிழை விட்டது தேர்மல் பாட் விசயத்தில். மெமரிச் சிப்புகள் ஆறுக்கும் கூலருக்கும் இடையில், சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டாக இந்தப் பாட் இருக்கும். பழையது கழற்றும்போது பிய்ந்து போனது. இங்கே கடையில் கிடைத்தது ஒன்றரை மில்லிமீற்றர் மட்டும். "கொஞ்சம் தடிப்பெண்டால் நல்லாய் அமரும்தானே" என்று வைத்துப் பூட்டினேன். போட்ட பத்தாவது நிமிடம் 91 பாகை. கழுவிய கூலர், புதுப் பேஸ்ட், முன்பை விட மோசம்.

திரும்பக் கழற்றினேன். இந்தமுறை காய்ச்சத் தேவையில்லை. சிப்பின் மேல் வைத்த பேஸ்ட் ஒரு பக்கம் நசியாமல் அப்படியே குவியலாக இருந்தது. தடித்த பாட் கூலரை மேலே தூக்கிப் பிடித்ததால், செம்புத் தட்டு சிப்பைச் சரியாகத் தொடவே இல்லை. அரை மில்லிமீற்றர்தான் குற்றவாளி.

சரியான அளவு எது? பழைய பாட் நசிந்து கிழிந்ததால் அதை அளந்து பிரயோசனமில்லை. குசினியில் அம்மா ரொட்டிக்கு மா குழைத்துக் கொண்டிருந்தா. ஒரு சின்ன உருண்டை கேட்டேன், ஏன் என்று சொல்லவில்லை. ஈரம் படாமல் சொப்பின் பைத் துண்டில் சுற்றி, ஒரு மெமரிச் சிப்பின் மேல் வைத்து, பாட் எதுவும் இல்லாமல் கூலரைப் பூட்டிக் கழற்றினேன். நசிந்த மாவின் தடிப்புத்தான் அந்த இடைவெளி. பக்கத்து வீட்டுத் தம்பி ரெக்னிக்கல் கொலிச்சில் படிக்கிறான், அவனுடைய வேர்ணியரில் அளந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். கொழும்பிலிருந்து ஒரு மில்லிமீற்றர் பாட் எடுப்பிக்க மூன்று நாள். அந்த மூன்று நாளும் வீடியோக்காரர் போன் எடுத்தபடி.

மூன்றாம் தரம் பூட்டினது பத்து நிமிட வேலை. அறை 33 பாகையில் வேகும்போது கார்ட் 71இல் நின்றது. ஃபான் சத்தம் இல்லாததால் பின்வளவில் அம்மா கோழிக்குக் கத்துவது கேட்டது.

வீடியோ அன்றிரவே முடிந்து ரொறன்ரோ போனது. முந்தநாள் அங்கிருந்து பதில்: பிள்ளை ஆலாத்தி எடுக்கிற இடத்தில் பெரியம்மாவின்ர முகம் காணாது, திருப்பிச் செய்து தாங்கோ. இண்டைக்கும் ரெண்டர் ஓடுது.