ரயில் சிமுலேட்டரில் பனி என்பது ஒன்றல்ல, மூன்று

ரயில் சிமுலேட்டரில், அதாவது ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில், பருவத்தைக் 'குளிர்காலம்' என்று மாற்றினால் நிலமெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காரியம் மாதிரிதான் தெரியும். உள்ளே மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன: தரையிலும் மரத்திலும் படிந்திருக்கும் பனி, காற்றில் விழுந்துகொண்டிருக்கும் பனி, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே பிடிப்பைக் குறைக்கும் பனி. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் பனி நம்பும்படி இருக்கும் என்பது என் கட்சி. பல விளையாட்டுகளில் மூன்றும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

முதலில் படிந்த பனி. 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் முறையைத் தெரிந்துகொண்டால் பாதி புரிந்துவிடும், ஏனென்றால் அதற்காகச் செய்த ரூட்டுகளை, அதாவது விளையாட்டுக்குள் இருக்கும் ரயில் பாதைகளை, ஓட்டுகிற இலவச மென்பொருளான ஓப்பன் ரெயில்ஸும் இன்றைக்கு வரை அதே முறையில்தான் போகிறது. பொருள்களின்மேல் ஒட்டுகிற படங்கள் இருக்கும் டெக்ஸ்சர் ஃபோல்டருக்குள் வசந்தம், இலையுதிர்காலம், குளிர்காலம், பனி, இரவு என்று துணை ஃபோல்டர்கள் இருக்கும். கோடைக்குத் தனி ஃபோல்டர் கிடையாது, வெளியே இருப்பதே கோடைக்கான படம். மரத்தின் வடிவம் மாறுவதில்லை, அதன்மேல் ஒட்டுகிற படம் மட்டும் மாறுகிறது. எந்தப் பொருளுக்கு எந்தெந்த மாற்றுப் படம் உண்டு என்பதை அதனோடு வரும் எஸ்டி (.sd) என்ற சிறு கோப்பில் ஒரே ஒரு எண் சொல்லிவிடும். 1 என்றால் பனிப் படம் மட்டும், 256 என்றால் இரவுப் படம். மரங்களுக்குப் பெரும்பாலும் 252 என்று போட்டிருப்பார்கள். வசந்தத்துக்கு 4, இலையுதிர்காலத்துக்கு 8, குளிர்காலத்துக்கு 16, அதே மூன்று பருவங்களில் பனி படிந்த தோற்றத்துக்கு 32, 64, 128. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 252 வரும். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இந்தக் கணக்கு அழகாகத்தான் தெரிகிறது.

ஆனால் இதில் ஒரு கறாரான விதி உண்டு. குளிர்காலம் என்றால் வானிலை எப்படி இருந்தாலும் தரையில் பனி இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் வானிலை பனியாக இருந்தால் மட்டும் இருக்கும். கோடையில் பனி விழச் சொன்னாலும் தரை வெளுக்காது. அப்படியானால் குளிர்காலத்திலும் பனியே விழாத பகுதிகளை என்ன செய்வது? ரூட் செய்பவர்கள் பனி ஃபோல்டருக்குள் சாதாரண மண், புல் படங்களை நகலெடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு ரூட்டை இறக்கியதும் பனி ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம், செய்தவர் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சூரியனையும் சொல்ல வேண்டும். ஓப்பன் ரெயில்ஸில் ஒரு பருவம் என்பது உண்மையில் ஒரே ஒரு நாள்தான். வடக்கு அரைக்கோளத்தில் வசந்தம் ஆண்டின் 82ஆம் நாள், அங்கிருந்து பருவத்துக்கு 91 நாள் கூட்டிக்கொண்டே போனால் குளிர்காலம் 355ஆம் நாள், அதாவது டிசம்பர் 21. அதனால்தான் குளிர்காலத்தில் நிழல்கள் அவ்வளவு நீளமாக விழுகின்றன, மாலை அவ்வளவு சீக்கிரம் இருட்டுகிறது. தெற்கு அரைக்கோள ரூட் என்றால் அரை வருஷம் தள்ளிக் கணக்கிடும்.

படத்தை மாற்றும் முறையின் பெரிய குறை, பனி கொஞ்சம் கொஞ்சமாகச் சேராது என்பதுதான். ட்ரெயின் சிம் வேர்ல்டில் இது வேறு மாதிரி. தரைப் பனிக்கு ஒரு ஸ்லைடர், குவிந்த பனிக்கு ஒரு ஸ்லைடர். இந்த மாதிரி புது விளையாட்டுகளில் வழக்கமான உத்தி, எந்தப் பரப்பு வானத்தைப் பார்த்து இருக்கிறதோ அதன்மேல் ஷேடர் (பரப்புகளின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) வெள்ளையைப் பூசுவது. கூரையின் சரிவு வெளுக்கும், சுவர் வெளுக்காது. பிரச்சினை என்னவென்றால் பரப்பு மேல்நோக்கி இருக்கிறதா என்பதுதான் ஷேடருக்குத் தெரியும், அதற்கு மேலே கூரை இருக்கிறதா என்பது தெரியாது. தனியாக மறைப்புப் போடாவிட்டால் சுரங்கப்பாதைக்குள்ளும் பாலத்துக்கு அடியிலும் பனி கிடக்கும். புது ரூட்டில் நான் முதலில் பார்ப்பது சுரங்கத்தின் வாய். வெளியிலிருக்கும் வெள்ளை உள்ளே போகப் போகக் குறைந்து, சில மீட்டரில் வெறும் ஜல்லியாக மாறினால், யாரோ கையால் உழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விழுகிற பனிக்கு வருவோம். உலகம் முழுக்கப் பனி விழுவதில்லை. கேமராவைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டி, அதற்குள் மட்டும் துகள்கள், நாம் நகர அதுவும் நகரும். துகள் ரயிலின் வேகத்தைக் கணக்கில் எடுக்கிறதா என்பதுதான் முக்கியம். பனித்துகள் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர் கீழே இறங்கும், மணிக்கு 100 கிலோமீட்டரில் ரயில் வினாடிக்கு 28 மீட்டர் முன்னே போகும். ஆகவே ஓட்டுநருக்குப் பனி மேலிருந்து விழக் கூடாது, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் கண்ணாடியை நோக்கிப் பாய வேண்டும். நின்ற ரயிலில் மெல்ல இறங்கும் அதே துகள்கள் வேகம் கூடக்கூடச் சாய்ந்து கோடுகளாக மாறும் அந்த அரை நிமிஷத்துக்காகவே நான் பனியில் வண்டி எடுப்பேன்.

மலை ரூட்டுகளுக்கு இன்னொரு விஷயமும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் கூர்–அரோசா பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 26 கிலோமீட்டருக்குள் 585 மீட்டரிலிருந்து 1739 மீட்டருக்கு ஏறுகிறது. கீழே மழையும் மேலே பனியும் ஒரே நேரத்தில் இருப்பது அங்கே சாதாரணம். ட்ரெயின்ஸ் (Trainz) என்ற சிமுலேட்டரில் பனிக்கோட்டின் உயரத்தைக் குறித்துவிட்டால் அதற்கு மேலே இருக்கும் மரங்கள் பனித் தோற்றத்துக்கு மாறுவது இந்த வகையில் மிகச் சரியான யோசனை.

அப்புறம் பிடிப்பு. சக்கரம் வழுக்காமல் தாங்கும் விசை அதன்மேலுள்ள எடையில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் பிடிப்புக் கெழு, காய்ந்த தண்டவாளத்தில் சுமார் 0.3, ஈரத்தில் 0.2 அல்லது அதற்கும் கீழே. ஆனால் பனியை விட மோசமானது இலையுதிர்காலம்தான். விழுந்த இலைகள் சக்கரத்தில் நசுங்கித் தண்டவாளத்தில் கறுப்புப் படலமாக ஒட்டிக்கொண்டால் கெழு 0.1க்கும் கீழே போய்விடும். பெரும்பாலான விளையாட்டுகளில் இலையுதிர்காலம் வெறும் ஆரஞ்சு நிற மரம். பிரேக்கும் அப்படித்தான், கடும் பனியில் பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே பனி உறைந்துவிடாமல் இருக்க நிஜ ஓட்டுநர்கள் போகிற வழியிலேயே அவ்வப்போது லேசாக பிரேக் போட்டுச் சூடாக்கிக்கொள்வார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கொண்டுவந்தால், மரத்தில் பனி இல்லாத ரூட்டைக் கூட நான் மகிழ்ச்சியாக ஓட்டுவேன்.