டிராக் ஓரத்தில் நூல் தொங்குதா?
ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) டிராக், அதாவது அடியில் சுழலும் ரப்பர் பட்டை, அதன் ஓரத்தில் நூல் தொங்கினால் கையால் இழுக்காதீங்க, உள்ளே இருக்கிற இழையும் உருவிக்கிட்டு வரும். ஒட்ட நறுக்கி, நுனியை லைட்டரால் லேசாக உருக்கினால் போதும். ரப்பரில் தீ படக்கூடாது.

ஒரே பக்கம் மட்டும் பிரிஞ்சா, டிராக் கோணலாக ஓடி எங்கேயோ உரசுதுன்னு அர்த்தம். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி (பின்னால் ஆளே நிற்கக்கூடாது, டிராக்கில் பதிச்ச உலோக முள் (ஸ்டட்) தெறிச்சா அவ்வளவுதான்) மெதுவாகச் சுற்றவிட்டு, எஞ்சினை அணைச்சு, பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்க. டிராக்குக்கு உள்பக்கம் இருக்கிற சறுக்கு ரெயிலுக்கும் டிராக்கில் மாட்டின உலோகக் கிளிப்புக்கும் இடைவெளி ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இல்லைன்னா பின் ஆக்ஸில் போல்ட்டைத் தளர்த்தி, டிராக் சாயும் பக்கத்து அட்ஜஸ்டரை (டிராக்கை இழுத்துப் பிடிக்கிற திருகு) கால் சுற்று இறுக்கி, மறுபடி சுற்றவிட்டுப் பாருங்க.

குறுக்கே போகும் ஃபைபர்கிளாஸ் கம்பி அடுத்தடுத்து ஒடிஞ்சு ஓரம் துவண்டிருந்தா கதை வேற. புது டிராக்தான்.