கசகசா கோட்டு

போன சனிக்கிழமை நாங்கள் மாலிபு கோயிலில் இருந்திருக்க வேண்டும். முதல் புரட்டாசிச் சனி. மாவிளக்குக்குப் பச்சரிசி எவ்வளவு ஊறப்போடுவது என்று அத்தை வியாழக்கிழமையே கேட்க ஆரம்பித்துவிட்டார். கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கிற இர்வைனிலிருந்து மாலிபு மேற்கே. வண்டி போனதென்னவோ கிழக்கே, பாலைவனத்துக்கு. காரணம், 1973-ல் செத்துப்போன ஒரு பாட்டுக்காரன்.

என் வீட்டுக்காரர் ரங்ஸுக்குக் கிதார் வியாதி உண்டு. முதலில் கிதார், அப்புறம் பாஞ்சோ. போன வருஷம் கீழே பெடல் வைத்த மேஜை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஆஹா, மனுஷன் எனக்குத் தையல் மிஷின் வாங்கிவிட்டார் என்று ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். அதன் பேர் பெடல் ஸ்டீல் கிதாராம். பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அதை நன்றாக வாசித்தால் அழுகை வருமாம். நன்றாக வாசிக்காவிட்டாலும் வருகிறது, எனக்கு.

இந்த வியாதிக்கு மூலகிருமி கிராம் பார்சன்ஸ். கன்ட்ரி பாட்டையும் ராக்கையும் ஒரே சட்டியில் போட்டுத் தாளித்தவன். அதை அவன் காஸ்மிக் அமெரிக்க இசை என்று சொல்லிக்கொண்டானாம். அவன் செத்த தேதி செப்டம்பர் 19. வெள்ளிக்கிழமை ரங்ஸுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் 20-ஆம் தேதி சனிக்கிழமை, அவன் செத்த பாலைவன ஊரான ஜோஷ்வா ட்ரீக்குப் போயே தீர வேண்டும் என்றார். எங்கள் கல்யாண நாளை இரண்டு முறை மறந்த ஆள் இவர்.

போவதாக இருந்தால் போய்த் தொலையட்டும். காலை ஏழு மணிக்கு அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார் பாருங்கள்.

கோட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1969-ல் வந்த தன் புதுக் குழுவின் முதல் இசைத்தட்டின் அட்டைக்காக கிராம் ஒரு வெள்ளை கோட் சூட் தைத்துக்கொண்டான். ஹாலிவுட் பக்கம் நூடி என்பவருடைய கடை. வடிவமைத்தவர் அங்கே வேலை பார்த்த மானுவல் என்கிற மெக்சிகோக்காரர். மற்றப் பாடகர்கள் எல்லாம் குதிரை, வண்டிச்சக்கரம், சப்பாத்திக்கள்ளி என்று பூவேலை செய்துகொள்வார்கள். இவன் கஞ்சா இலை, அபின் செடியின் பூ, மாத்திரை, காலரில் அம்மணமாக ரெண்டு அம்மணிகள், முதுகு முழுக்க ஒரு சிவப்புச் சிலுவை, கால்சட்டையில் எரிகிற நெருப்பு என்று போட்டுக்கொண்டான். இன்ன வகையில்தான் சாவேன் என்று துணியில் எழுதி மாட்டிக்கொண்டு திரிந்த ஒரே ஆள் அவன்தான்.

நம்ம ரங்ஸ் திருப்பூர் மச்சானிடம் படத்தை அனுப்பி, கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் அப்படியே ஒரு கோட்டு அடித்து வாங்கிவிட்டார். அம்மணிகளை மட்டும் என் மிரட்டலால் எடுத்தாயிற்று. அந்த இடத்தில் மச்சான் தன் சொந்த ரசனையில் ரெண்டு மயில் போட்டு அனுப்பியிருந்தார்.

இதை அத்தையிடம் எப்படி விளக்குவது என்று நான் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு நிற்க, அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆத்தூர்ப் பக்கம் ஆறு ஏக்கரா பார்த்த கண்.

“இது குச்சிக்கெழங்கு எலையாட்டருக்குது. சேகோ பேக்டரிக்காரனா?”

ரங்ஸ் வாயைத் திறக்கவில்லை.

“இது கசகசாச் செடி. பூவு, காய் எல்லாம் அப்படியே இருக்குது. இது பிரஷர் மாத்திரை. மசாலாக் கடை வெச்சிருந்து பிரஷர் வந்து செத்தானா? பேரென்ன சொன்னே?”

“கிராம்.”

“எத்தனை கிராம்?”

நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். வரும்போது அத்தை முதுகுப்பக்கம் போயிருந்தார். “சாமி, புரட்டாசியும் அதுவுமா என்னடா இது, ஆம்புலன்சு டிரைவராட்ட?”

கோட்டோடுதான் போனோம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வண்டிக்குள் இவர் சுவெட்டர் போட்ட மாரியாத்தா மாதிரி ஜொலிக்கிறார். ஏ.சி.யை முழுக்க வைத்ததில் அத்தைக்குக் குளிர், எனக்குத் தலைவலி.

வழியில் கபஸோன். நீங்கள் நினைப்பது சரி, அதே அவுட்லெட் கடைகள்தான். “ஏங்க, ஒரு மணி நேரம்…” என்றேன். “வரும்போது” என்றார். இந்த ‘வரும்போது’ என்கிற சொல்லை நம்பி நான் இழந்த கடைகளை வைத்து ஒரு டவுனே கட்டலாம்.

காற்றாலைகளைத் தாண்டி 62-ஆம் நம்பர் ரோட்டில் ஏறியதும் அத்தை கதையைக் கேட்டார். ரங்ஸ் சொன்னார். சேலம் ஜில்லாவில் டிவி சீரியல் பார்த்து வளர்ந்த ஒரு மனுஷிக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. அம்மா வீடு ஃபுளோரிடாவில் பெரிய ஆரஞ்சுத் தோட்டக் குடும்பம். பையனுக்குப் பன்னிரண்டு வயதில், கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால் அப்பா தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அம்மா மறுகல்யாணம் செய்துகொண்டார். பார்சன்ஸ் என்பதே அந்த ரெண்டாவது அப்பாவின் பேர்தான். பையன் பள்ளிக்கூடம் முடித்துப் பட்டம் வாங்குகிற அன்றைக்கே குடியால் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

“அட எஞ்சாமி” என்றார் அத்தை. “அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதாம்மா. அப்புறம் ஹார்வர்டுல சேர்ந்தான். ஒரு செமஸ்டருக்கு மேல தாங்கல, விட்டுட்டான்.”

அதுவரை இருந்த பரிதாபம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. “ஹார்வர்டா? சீட்டுக் கெடைச்சு விட்டுட்டானா?” பின்சீட்டில் இருந்த பெரியவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் காலேஜ் சேர எழுதுகிற சாட் பரீட்சைக்குப் படிக்கிறான் என்பது வீட்டுக்குள் எல்லோரும் சேர்ந்து நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம். பிள்ளை போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அப்புறம் கிராம் 1968-ல் பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்து, சில மாதத்தில் அவர்களைத் தலைகீழாகக் கன்ட்ரி பாட வைத்து, தென்னாப்பிரிக்கா கச்சேரிக்கு வரமாட்டேன், அங்கே நிறவெறி என்று சொல்லிக் கழன்றுகொண்டான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸோடு சுற்றத்தான் நின்றான் என்று கூட வாசித்தவர்களே சொன்னதுண்டு. பிறகு சொந்தமாக ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ். அத்தைக்கு அது பறக்கும் பரோட்டா என்று கேட்டது, யாரும் திருத்தவில்லை. அந்தக் கோட்டு போட்டு எடுத்த இசைத்தட்டு பில்போர்டு பட்டியலில் ஏறிய உச்சபட்ச இடம் 164. எங்கள் தெரு அசோசியேஷன் தேர்தலில்கூட இவர் இதைவிட மேலே வந்தார். நின்றவர்கள் மூன்று பேர் என்பது வேறு விஷயம்.

“அந்தக் கூட்டாளி என்ன ஆனான்? அவனும் போயிட்டானா?”

“யாரு, கீத்தா? எண்பது தாண்டியாச்சு. இன்னும் வாசிக்கிறாரு.”

“அதான பாத்தேன். கெடுத்தவன் குத்துக்கல்லாட்ட இருப்பான்.”

ஊருக்குள் அந்த மோட்டலுக்கு முதலில் போனோம். எட்டாம் நம்பர் அறை. அதில்தான் அவன் மார்பினும் சாராயமுமாகக் கண்ணை மூடினான். வயது 26. வாசலில் கல்லில் செய்த கிதார், சுற்றிலும் ரசிகர்கள் வைத்துவிட்டுப் போன சில்லறை, மெழுகுவத்தி, பாட்டில். இந்த அறையில் படுக்க ஜனங்கள் தேடி வருகிறார்கள் என்று ரங்ஸ் சொன்னதும் அத்தை, “செத்த ரூமுக்கா? காசு குடுத்தா?” என்றார். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். கால் சுட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

பூங்காவுக்குள் ஜோஷ்வா மரங்கள் ஆயிரக்கணக்கில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. “பனைக்கும் கள்ளிக்கும் பொறந்ததாட்டருக்குது” என்பது அத்தையின் தாவரவியல். எல்லாவற்றையும் தாண்டித் தலையில் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு பாறை. கேப் ராக். அதன் நிழலில் உட்கார்ந்து புளிசோற்றைப் பிரிக்கும்போதுதான் ரங்ஸ் மீதிக் கதைக்கு வந்தார்.

சாவதற்கு ரெண்டு மாதம் முன்னால் ஒரு நண்பனின் அடக்கத்தில், யார் முதலில் போனாலும் இருக்கிறவன் உடம்பை ஜோஷ்வா ட்ரீக்குக் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும் என்று கிராமும் அவனுடைய மேனேஜர் ஃபில் காஃப்மனும் பேசிவைத்துக்கொண்டார்கள். செத்ததும் ரெண்டாவது அப்பா உடம்பை லூசியானாவுக்கு விமானத்தில் ஏற்றச் சொன்னார். சொத்து விவகாரத்துக்குத்தான் என்று இன்றுவரை பேச்சு. காஃப்மனும் இன்னொருவனும் ஓட்டை சவ வண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, முட்டக் குடித்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கே போய், ஏற்பாடு மாறிவிட்டது என்று சொல்லி, ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிவந்துவிட்டார்கள். பெட்டியை ஏற்ற ஒரு போலீஸ்காரரே கை கொடுத்தார் என்று காஃப்மன் சொல்லிக்கொண்டு திரிந்தார். இங்கே வந்து ஐந்து காலன் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டு ஓட்டம்.

பிணத்தைத் திருடியதற்கு அத்தை பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தை புளிசோற்றுக் கையை அப்படியே நிறுத்தினார்.

“வெறகு?”

“இல்லைம்மா.”

“வரட்டி?”

“பெட்ரோல் மட்டுந்தான்.”

“பெட்ரோலு குப்புன்னு புடிச்சு அமிஞ்சு போகுமேடா. ஒடம்பு எப்படி வேகும்? பாதியில உட்டுட்டா ஓடுனானுங்க?”

பாதியில்தான் விட்டுவிட்டு ஓடினார்கள். மிச்சத்தை லூசியானாவுக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அத்தைக்கு ஆறவே இல்லை. ஒரு சாவுக்கு எரிப்பா, புதைப்பா, ஒன்றை முடிவு பண்ண வேண்டாமா? கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போகணும் என்றுதான் சொல்வார்கள், வேகிறதுக்கு முன்னாலேயே போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

கோர்ட்டில் ஆளுக்கு 300 டாலர் அபராதம், பெட்டிக்கான காசு தனி. ஏனென்றால் பிணம் யாருக்கும் சொந்தமான சொத்து இல்லையாம், அதனால் வழக்கு பெட்டித் திருட்டுக்கு மட்டும். “அப்ப பெட்டிய வெச்சிட்டு ஆளை மட்டும் எடுத்துட்டுப் போயிருந்தா ஒண்ணுமில்லையா?” என்று அத்தை கேட்டதற்கு இருபது வருஷ ரசிகரிடம் பதில் இல்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அத்தை, “நாளைக்கு அமாவாசை. மகாளயம்” என்றார். பையைத் துழாவினார். பேப்பர் தட்டில் தயிர்சோற்றை ஓர் உருண்டை பிடித்து, மேலே ஒரு எள்ளுருண்டையை நொறுக்கித் தூவினார். பாறை ஓரமாக ஒரு மேடு பார்த்து வைத்தார்.

“அத்தை, யாருக்கு?”

“மசாலாக்காரனுக்குத்தான். இருபத்தாறு வயசு. பெத்தவங்க ரெண்டு பேரும் முந்திட்டாங்க. பாதி இங்க, பாதி அங்க. யாரு வெச்சிருக்கப் போறாங்க?”

ஒரு மகள் உண்டு என்று ரங்ஸ் முனகினார். அது காதில் விழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆத்தூர் மொட்டைமாடியில் கூப்பிடுகிற அதே குரலில், “கா… கா… கா…”

பாறை அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பெரியவன் எங்களுக்குச் சம்பந்தமில்லாத தூரத்துக்கு நடந்துபோய்விட்டான். எங்கிருந்தோ வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் வந்தார். ரங்ஸின் கோட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. மயிலை மட்டும் புரியாமல் பார்த்தார். ரங்ஸ் விஷயத்தை விளக்க, மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டு அத்தை பக்கத்தில் நின்று, “கா… கா…” என்று சேர்ந்துகொண்டார். நல்ல சாரீரம்.

வந்தது. சாதாரணக் காக்காய் இல்லை, அண்டங்காக்காய், கோழி பருமன். தத்தித் தத்தி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, எள்ளுருண்டைத் தூளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றில் ஒரு கொத்துக் கொத்தியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காக்காய்க்குப் பின்னாலேயே ரேஞ்சர் அம்மாவும் வந்தார். பூங்காவில் பிராணிகளுக்குத் தீனி போடக்கூடாது, சட்டப்படி குற்றம், தட்டை எடுங்கள். நியாயம்தான். ரங்ஸ் ஆங்கிலத்தில் முப்பது தலைமுறை முன்னோர்களை அழைத்து விளக்கிக்கொண்டிருக்க, அத்தை தட்டைத் தானே எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, “அவன் தின்னுட்டான். சொல்லிரு அந்தம்மாகிட்ட” என்றார். ரங்ஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் கிராமும் எமிலூ ஹாரிஸும் சேர்ந்து பாடுகிற பாட்டு ஓடியது. இத்தனை நாள் இந்தச் சத்தத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்கிற அத்தை, குறைக்கச் சொல்லவில்லை.

“இந்தப் பொண்ணு என்ன ஆச்சு?”

எமிலூ தனியாகப் பாடிப் பெரிய ஆளாகி, போகிற இடமெல்லாம் அவன் பேரைச் சொல்லிச் சொல்லி, 2008-ல் நாஷ்வில்லில் கன்ட்ரி இசைக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார் என்று ரங்ஸ் சொன்னார். அவனை இன்னும் சேர்க்கவில்லை. அவனுடைய அந்தக் கோட்டு மட்டும் அங்கே மியூசியத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது.

“கோட்டுக்கு எடங்குடுத்துட்டு ஆளுக்குக் குடுக்கலியா?”

இதற்கு ரங்ஸ் பொங்கி எழுந்து ஸ்டியரிங்கில் அடித்து நியாயம் பேசியதில் கபஸோன் எக்ஸிட்டைத் தாண்டிவிட்டார். அடுத்த எக்ஸிட்டில் திரும்பலாமே என்றேன். “அடுத்த தடவை” என்றார்.

இன்று காலை கொல்லைப்பக்கம் அத்தை கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். ரெண்டு நாளாகக் குளிர்கிறது என்று புகார். சுங்குடிச் சேலைக்கு மேலே அந்தக் கோட்டை மாட்டியிருந்தார். கைநீளம் மட்டும் அதிகம், கசகசாப் பூ வரைக்கும் மடித்துவிட்டிருந்தார். வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் தலை தெரிந்தது. முதுகுச் சிலுவையைப் பார்த்துவிட்டு என்னிடம் சைகையில் கேட்டார், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று.